எட்டாம் நம்பர் கடல்

யந்திரம் பொய் சொல்லாது என்று முதன்முதலில் சொன்ன மகராசன் யாரோ தெரியவில்லை. பொய் சொல்லாதுதான், ஒப்புக்கொள்வோம். ஆனால் அதற்கு நாம் எதைக் காட்டிக்கொடுத்தோமோ அதை மட்டும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யும். இந்த வித்தியாசம் பிடிபடாமல் ஒரு நல்ல மனுஷனை மூன்று வருஷம் உள்ளே தள்ளப் பார்த்தார்கள். நடந்தது 2041இல். ஊர், தூத்துக்குடிக்குத் தெற்கே மரியதுறை.

தள்ளப் பார்த்தவர்களில் நம் அங்கயற்கண்ணியும் ஒருத்தி. வேண்டுமென்றா செய்தாள்? வேலை அப்படி. மதுரைக்காரி, முப்பத்துமூன்று வயது, சென்னைக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதனைப் பொறியாளர். அந்தக் கூடத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை, அறைக்குள் பீரோ உயரத்துக்கு ஒரு யந்திரம். அதன் பெயர் நகலி. ரேடியோ அலை வெளியே போனால் சும்மாவா போகிறது? சுவரில் முட்டும், மழையில் தேயும், பஸ்ஸில் பட்டுத் திரும்பும். அது படுகிற அத்தனை பாட்டையும் நகலி அறைக்குள்ளேயே படுத்திக் காட்டும். இந்தப் பக்கம் பேசுகிற கருவி, அந்தப் பக்கம் கேட்கிற கருவி, இரண்டையும் மாட்டிவிட்டால் போதும். நடுவில் நகலி மலையாக மாறும், கடைத்தெருவாக மாறும், கடலாகவும் மாறும். நாற்பத்தோரு இடங்களுக்கு நேரில் போய், அங்கே அலை நடக்கிற போக்கைப் பதிவு செய்து அதன் வயிற்றில் ஏற்றியிருந்தார்கள். அதில் எட்டாம் நம்பர், மன்னார் வளைகுடாக் கடல்.

நகலியைப் பெற்று வளர்த்தவர் கூடத்தின் இயக்குநர் டாக்டர் திருவேங்கடம். "வெளியில சோதிச்சா இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். நகலிகிட்ட என்னைக்குக் கேட்டாலும் ஒரே பதில்தாம்மா" என்பார். நியாயமான பேச்சுதான். அரசாங்கத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்ச் சட்டமே போட்டுவிட்டார்கள். கூடத்தில் தேறிய கருவியை வெளியே சோதிக்க வேண்டியதில்லை. வழக்கு என்று வந்தாலும் கூடத்தின் சொல்தான் கடைசிச் சொல்.

இப்போது வழக்குக்கு வருவோம். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி கட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி. அதற்குப் பெயர் கூவி. ஆள் தண்ணீரில் விழுந்ததும் கூவத் தொடங்கி, ஒரு மணி நேரம் விடாமல் கூவி ஓயும். அதைக் கேட்டு மணியடிக்கிற பெட்டி படகில், டிரைவரின் தலைக்கு மேலே இருக்கும். அதை எல்லோரும் காது என்றே சொன்னார்கள். ஒரு படகின் கூவி அந்தப் படகின் காதோடு மட்டும்தான் பேசும். இல்லாவிட்டால் ஒருவன் விழ, ஊர்ப் படகெல்லாம் மணியடித்துக் களேபரம் ஆகிவிடுமே!

ஒரு வியாழக்கிழமை விடியுமுன், தொழிலுக்குப் போகிற வழியில், சில்வேஸ்டர் என்பவன் படகின் பின்பக்கத்திலிருந்து தவறி விழுந்தான். மற்றவர்கள் உள்ளே படுத்திருந்தார்கள். படகை ஓட்டியவர் சந்தியாகு. படகுக்குச் சொந்தக்காரரும் அவரே, சில்வேஸ்டரின் மனைவி ரெஜினாவுக்கு உடன்பிறந்த அண்ணனும் அவரே. வலை இறக்கும்போதுதான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. திரும்பி வந்து தேடு தேடு என்று தேடியும் பயனில்லை. ஒன்பது மணி நேரம் கழித்து, நண்டு வலைக்காரர்களின் வள்ளம், அந்தச் சின்னப் படகு ஒன்று, அவனைக் குற்றுயிராகத் தூக்கியது. கூவியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரமும் கூவியதற்குக் கணக்கு இருந்தது. சந்தியாகுவோ, மணியே அடிக்கவில்லை என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? முந்தின வாரம் மாதா கோயில் கூட்டத்தில், திருவிழாச் சப்பரத்துக்கு முன்தோள் யார் கொடுப்பது என்று மச்சானும் மாப்பிள்ளையும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். "அந்தக் கோவத்துல காதை அணைச்சிட்டான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணைக் கமிஷன் கூடத்தைக் கேட்டது. எட்டாம் நம்பர் கடலில் கூவியை நூறு தடவை விழவைத்தாள் அங்கயற்கண்ணி. தொண்ணூற்றேழு தடவை மணி அடித்தது. 'காது இயங்கிக்கொண்டிருந்தால் கேட்டிருக்கும். எனவே காது அணைக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் கூடத்துக்கு ஒரு போன் வந்தது.

"அம்மா, நான் மரியதுறை சந்தியாகு பேசுதேன். நான் அணைக்கலம்மா. என் தங்கச்சி வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போடுவேனா? உங்க மிஷின்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாக்கியளா?"

திட்டியிருந்தால் அவளும் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். இந்த மனுஷன் கெஞ்சவும் இல்லை, ஏதோ கடைக்காரரிடம் இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கச் சொல்வது போலத்தான் கேட்டார். அவள் ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்தாள். தொள்ளாயிரத்து எழுபது தடவை அடித்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கமிஷன் கூடுவதற்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. வார விடுமுறைக்கு மரியதுறைக்கு வண்டி ஏறிவிட்டாள், கைப்பெட்டியில் ஒரு கூவியும் ஒரு காதும்.

சந்தியாகுவின் படகுக்குச் சீல் வைத்திருந்தார்கள். அவரும் கடலில் இறங்கக்கூடாது. பூசையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மூன்றடி தள்ளியே உட்கார்ந்தார்கள். நாற்பத்தெட்டு வயது ஆள், அறுபது போலத் தெரிந்தார். "வந்தியளே, அதுவே போதும் தாயி" என்றார். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் குரூஸ் தன் விசைப்படகைக் கொடுத்தார். வள்ளம் ஒன்றும் சும்மா நின்றது. உப்புத் தண்ணீர் நிரப்பிய கேனில் கூவியைக் கட்டி, வள்ளத்திலிருந்து கடலில் போட்டாள். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று படகு விலகிப் போயிற்று. இருபது தடவை போட்டாள். இருபது தடவையும் காது கணீரென்று மணியடித்தது.

நகலி சொன்னது சரி. அவள் வாழ்க்கையில் தன் யந்திரம் சரியாக இருந்ததற்காக அழுதது அன்றைக்குத்தான். கரையில் நின்ற சந்தியாகுவிடம், "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொன்னாள். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஊருக்குக் கிளம்புமுன் சில்வேஸ்டரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அவன் உப்பில் வெந்த தோலோடு பாயில் சாய்ந்திருந்தான். ரெஜினா கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். புருஷனா அண்ணனா என்று இரண்டு பக்கமும் இழுபட்டு, அவள் முகம் கருத்துக் கிடந்தது.

"என்னாச்சுக்கா? அண்ணன் அணைக்கலன்னு தெரிஞ்சுதா?"

"இருபது தடவை போட்டேன் ரெஜினா. இருபதும் அடிச்சிருச்சு. காப்பாத்தலாம்னு வந்தேன், நானே ஆணியடிச்சிட்டுப் போறேன்."

"எப்பப் போட்டீய?"

"நேத்துத்தான். பூசை முடிஞ்சு."

ரெஜினா டம்ளரை நங்கென்று வைத்தாள். "நேத்தா? நேத்து ஞாயித்துக்கிழமையில்லா! ஞாயித்துக்கிழமை எங்க ஊருல எவன் கடலுக்குப் போவான்? கடலு வெறுங்கடலால்லா கிடந்திருக்கும்! அவ்வொ விழுந்த அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தேன், கடலு பூரா விளக்கு. பட்டணம் மாதிரி இருந்துச்சு."

சில்வேஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அஞ்சு மணிக்கு முன்ன ஒருத்தனும் கிளம்பக்கூடாதுக்கா, அது சட்டம். அஞ்சடிச்சதும் எல்லாவனும் ஒண்ணாப் பாய்வான், நல்ல இடம் பிடிக்கணும்லா. எரநூத்து முப்பது படகு, அம்புட்டும் இரும்பு. நான் தண்ணியில கிடக்கேன், இந்தப் பக்கம் ஒரு இரும்புச் சுவரு போகுது, அந்தப் பக்கம் ஒண்ணு போகுது. கத்துனேன். என் சத்தம் எனக்கே கேக்கல."

அங்கயற்கண்ணி வாயைத் திறந்தவள் மூடவில்லை. நேற்று அவளுக்குப் படகு எப்படிக் கிடைத்தது? சும்மா நின்றதால் கிடைத்தது. ஏன் சும்மா நின்றது? அட கடவுளே! அவள் காப்பியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"சார், எட்டாம் நம்பர் கடலை நீங்க பதிவு பண்ணினது என்ன கிழமை?"

"என்னம்மா கேள்வி இது? ஞாயித்துக்கிழமை. ரெண்டு ஞாயித்துக்கிழமை போனேன். வேற நாள்ல எவன் படகு குடுப்பான்? எல்லாப் படகும் தொழிலுக்கு..."

பாதியில் நின்றுவிட்டார்.

"எரநூத்து முப்பது இரும்புப் படகு சார், ஒரே நேரத்துல. அதுல ஒண்ணுகூட நம்ம நகலிக்குத் தெரியாது."

"நீ என் கடலைப் பொய்ங்கிறியா?"

"பொய்னு சொல்லல சார். லீவுல இருக்குங்கிறேன்."

திருவேங்கடத்துக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "பதிவுப் பெட்டியோட நானே வரேன். நீ சொல்றது தப்புன்னு காட்டத்தான் வரேன், தெரிஞ்சுக்கோ. இன்னொண்ணு, தண்ணிக் கேன் எல்லாம் உன் திருப்திக்குத்தான். புது இடம் பதிவாகணும்னா மனுஷ உடம்புலதான் கூவி இருக்கணும். அது விதி."

அவள் திரும்பி உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னாள். யாராவது நீச்சல் தெரிந்த ஆள் வேண்டும், பக்கத்திலேயே காவலுக்கு வள்ளம் நிற்கும் என்றாள்.

"நான் இறங்குதேன்" என்றான் சில்வேஸ்டர்.

"உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று பாய்ந்தாள் ரெஜினா. "இன்னும் தோலே ஆறல!"

"நீ சும்மா இரு. ஒம்பது மணி நேரம் தண்ணியில கிடந்தேன். தாகம் கொல்லல, வெயிலு கொல்லல. மச்சான் காதை அணைச்சிட்டு என்னை விட்டுட்டுப் போயிட்டாவளேங்கிற நெனப்புத்தான் கொன்னுச்சு. அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும். வேற எவனும் இறங்க வேண்டாம்."

ரெஜினா எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து அவன் முதுகில் தேய்க்க உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. ஊதின மாத்திரத்தில் துறைமுகமே பெயர்ந்து கிளம்பியது போலிருந்தது. அங்கயற்கண்ணி அந்த மாதிரிக் காட்சியைப் பார்த்ததில்லை. இன்ஜின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சுக் கேட்கவில்லை. குரூஸின் படகு நடுவில் போயிற்று. டிரைவர் தலைக்கு மேலே காது பச்சை விளக்கோடு விழித்திருந்தது. கமிஷன் அனுப்பிய அதிகாரி ஒருவர் அதையே பார்த்தபடி நின்றார், யாரும் கைவைத்துவிடக்கூடாது என்று. இயக்குநர் ஒரு கையால் பதிவுப் பெட்டியையும் மறுகையால் பிளாஸ்டிக் வாளியையும் கட்டிப்பிடித்திருந்தார். வாளி எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. கிளம்பிய பத்தாம் நிமிஷமே அதற்கு வேலை வந்துவிட்டது.

சில்வேஸ்டர் அன்று விழுந்த இடம் வந்ததும், பின்னால் வந்த வள்ளத்திலிருந்து தண்ணீரில் இறங்கினான். வள்ளம் இருபதடி தள்ளி நின்றது. படகு நிற்காமல் போயிற்று, அன்று போனது போலவே.

இயக்குநரின் பெட்டித் திரையில் கூவல் கிளம்புவது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. காது பேசவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பேசவில்லை. சுற்றிலும் படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டும், அலையில் உருண்டும் எழும்பியும் பாய்ந்தன. இத்தனை வருஷமாகக் கருவிகள் தேறவேண்டுமே என்று வேண்டிக்கொண்டவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு கருவி தோற்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டினாள். படகிலிருந்த ஆட்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அடிச்சிராத, அடிச்சிராத, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று குரூஸ் அந்தப் பெட்டியைப் பார்த்து முணுமுணுத்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. முப்பது ஆயிற்று.

"சார், என்ன தெரியுது?" என்று அவள் இயக்குநர் காதருகே கத்தினாள்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரையை இரண்டு கையாலும் பிடித்தார். "கல்யாண மண்டபத்துல மைக் வெச்சு யாரோட மொய்னு படிப்பான் பாரு, சுவத்துல பட்டுப் பட்டு ஒரு பேரும் விளங்காது. அந்தக் கதைதான். ஒரு கூவல் போகுது, நூறு கூவலா வருது, ஒண்ணு மேல ஒண்ணு. அந்தச் சுவரும் நிக்காம ஆடுது. காதுக்கு அது கூவல்னே தெரியல. இரைச்சல்னு நெனச்சுத் தள்ளிடுது."

"நகலி காட்டினது?"

"ஒரு கூவல், ஒரு எதிரொலி. அவ்வளவுதான். அமைதியான கடல்." அவர் தலையை ஆட்டினார். அவமானம்தான். ஆனால் அந்த முகத்தில் வேறொன்றும் இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில், வாயைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முதல் சம்பளம் வாங்கினவர் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷமா நகலி உண்மையைச் சொல்லுதான்னு மட்டும்தாம்மா பாத்தேன். அது என்னைக்கு உண்மைன்னு பாக்கவே இல்ல."

ஒரு மணி நேரம் முடிந்தது. கூவி ஓய்ந்தது. காது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், படகில் கிளம்பிய ஆரவாரத்தில் இன்ஜின் சத்தமே அடங்கிப்போயிற்று. ஒரு மணி அடிக்காமல் போனதற்கு அப்படி யாரும் எங்கும் குதித்திருக்க மாட்டார்கள். குரூஸ் இயக்குநரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். நல்லவேளை, வயிற்றில் மிச்சம் ஒன்றும் இல்லை.

படகுக்கு முன்னதாக வள்ளம் கரை திரும்பியது. செய்தியும் போனில் முன்னதாகவே வந்திருந்தது. சந்தியாகு மணலில் துண்டோடு நின்றார். கடலில் இறங்கக்கூடாது என்ற உத்தரவை மதித்து, தண்ணீர் தொடும் கோட்டுக்கு ஓரடி இப்பாலேயே நின்றார். சில்வேஸ்டர் நடுங்கிக்கொண்டே ஏறி வந்தான்.

"மச்சான்" என்றான். "காது ஊமையாத்தான் இருந்திருக்கு. உங்களை என்னவெல்லாம் நெனச்சிட்டேன்..."

"அத விடும் மாப்ளே. முதல்ல தலையத் தொவட்டும்" என்றார் சந்தியாகு. துண்டை நீட்டினார். அப்புறம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஊரே பார்க்க அழுதார்கள். ரெஜினா இரண்டு பேர் முதுகிலும் மாறி மாறி அடித்துக்கொண்டே, "சப்பரத்துக்கு இனி நான் தோள் குடுக்கேன், போங்க ரெண்டு பேரும்" என்று கத்தினாள். சந்தோஷம் அவளுக்கு அப்படித்தான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை தூத்துக்குடியில் கமிஷன் கூடியது. தலைவர், சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி தெய்வசிகாமணி. ஒல்லியான மனிதர், எழுபது வயது, சிரிப்பு என்பதை எங்கோ அடகுவைத்துவிட்டு மீட்க மறந்தவர் போன்ற முகம். கூவி செய்த கம்பெனியின் வக்கீல் எழுந்தார்.

"கனம் ஐயா, கடலில் என்ன நடந்தது என்பதைச் சட்டம் ஏற்காது. கூடம் என்ன சொல்கிறது என்பதைத்தான் ஏற்கும். கூடம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு."

அங்கயற்கண்ணி பதில் சொல்ல எழுவதற்குள் இயக்குநர் எழுந்துவிட்டார். "வக்கீல் சொல்றது சரி. கூடம்தான் சொல்லணும். அதனால கூடம் சொல்லுது. போன புதன்கிழமையிலேர்ந்து நகலியில நாப்பத்திரெண்டாவது இடம் ஒண்ணு இருக்கு. மன்னார் வளைகுடா, வேலைநாள், காலை அஞ்சு மணி. என் கையெழுத்தோட பதிவாயிருக்கு. அதுல கூவியை நூறு தடவை போட்டோம். நாலு தடவைதான் மணி அடிச்சுது."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியானால் எட்டாம் நம்பர் கடல் தவறா?"

"தவறில்லை ஐயா" என்றாள் அங்கயற்கண்ணி. "அது ஞாயிற்றுக்கிழமைக் கடல். ஞாயிற்றுக்கிழமை விழுகிறவருக்கு அது சரியாகத்தான் சொல்லும். ஆனா இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போறதில்லை. சந்தியாகு அண்ணன் காதை அணைச்சார்னு எழுதினது நான். அது என் தப்பு. அதை இங்கேயே எல்லார் முன்னாலேயும் அடிச்சு எழுதணும்னு கேட்டுக்கறேன்."

நீதிபதி பேனாவை எடுத்தார். அவள் பழைய கையெழுத்தின் மேல் தானே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தார். சந்தியாகு கார்வாலோ குற்றமற்றவர். படகின் சீல் இன்றே உடைக்கப்பட வேண்டும். மரியதுறையின் எல்லாக் கூவிகளையும் கம்பெனி தன் செலவில் மாற்றித் தரவேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. கடைசி வரியில் யாரோ விசிலே அடித்துவிட்டார்கள். சந்தியாகு எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். பெஞ்சில் அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்று ஜனம் எழுந்தது. நீதிபதி மட்டும் எழவில்லை. கூட்டம் கொஞ்சம் கலையட்டும் என்று காத்திருந்து, அங்கயற்கண்ணியையும் இயக்குநரையும் கையசைத்து மேஜைக்குக் கூப்பிட்டார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் ஒரு தழும்பைக் காட்டினார்.

"இதுக்குள்ள ஒரு கருவி இருக்கு. துடிப்பு நின்னுதுன்னா அதுவே ஆம்புலன்ஸைக் கூப்பிடும்னு சொன்னாங்க. ஆறு வருஷமாச்சு. அதுவும் உங்க கூடத்துல தேறினதுதான்."

அங்கயற்கண்ணி இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் தரையைப் பார்த்தார்.

"எந்த நம்பர்?" என்றார் நீதிபதி.

"நாலு" என்றார் திருவேங்கடம். "சென்னை நகரத் தெரு."

"என்ன கிழமை?"

"கிழமை... அது வந்து ஐயா, சாதாரண நாள்ல போலீஸ் ரோட்டை விட்டுக் குடுக்கல. டிராபிக் நிக்கும்னாங்க. அதனால..."

"என்ன நாள்?"

"பொங்கல் லீவு."

பொங்கல் லீவில் சென்னையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரே ஊருக்குப் போயிருக்கும். அண்ணா சாலையில் பாய் விரித்துப் படுக்கலாம். நீதிபதி பொத்தானைப் போட்டுக்கொண்டார். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஆக, ஆறு வருஷமா என் உயிர் வருஷத்துக்கு நாலே நாள்தான் பத்திரமா இருந்திருக்கு!"

"ஐயா, நாற்பத்தோரு இடத்தையும் தேதி பார்த்தேன்" என்றாள் அங்கயற்கண்ணி. இதைச் சொல்லத்தான் மூன்று நாளாக வழி தேடிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுகூட வேலைநாள் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தா, ஞாயிறு. ரயில்வே பிளாட்பாரம், பந்த் அன்னைக்கு. நமக்கு இடம் கிடைச்ச நாளெல்லாம் கூட்டம் இல்லாத நாள். கூட்டம் இல்லாததாலதான் கிடைச்சுது."

நீதிபதி மூடிவைத்த கோப்பை மறுபடி திறந்தார். "டைப்பிஸ்டைக் கூப்பிடுங்க" என்றார். நாற்பத்தோரு இடங்களையும் வேலைநாளில், கூட்ட நேரத்தில் மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதுவரை கூடத்தின் சொல் கடைசிச் சொல் ஆகாது, தெருவையும் கடலையும் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு என்று சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே போனார். ஒரு மனிதரைக் காப்பாற்ற வந்தவளுக்கு ஒரு நாடே கையில் வந்து விழுந்தது. இயக்குநர் சத்தமில்லாமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முதல்ல எந்த இடம் ஐயா?" என்று கேட்டாள் அவள்.

நீதிபதி கையெழுத்துப் போட்டார். "நாலாம் நம்பர். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க தெருவுக்கு வாங்க, ஆள் நடக்க முடியாது" என்றார். பிறகு சந்தியாகுவைத் தேடி மண்டபத்தைச் சுற்றிலும் பார்த்தார். "அதுவரைக்கும் அந்தக் கூட்டத்துக்குள்ள நான் தனியா போறதா இல்லை. ஏன் கார்வாலோ, உங்க வீட்டுல மூணு நாள் தங்க இடம் இருக்குமா?"